கரியைக் கொட்டினா காரீயம் போயிடுமா?

போன மாசம் ஒரு வாட்ஸ்அப் வீடியோ எனக்கு ஒரே நாளில் மூணு தடவை வந்தது. அனுப்பின மூணு பேரும் சென்னைக்காரங்க, இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்க. வீடியோவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் கறுப்பா ஒரு பொடியைக் கையில் அள்ளிக் காட்டி, "மூலிகையில் விஷ உலோகம்னு பயப்படறீங்களா? இந்தக் கரியை நிலத்துல போடுங்க, ஒரே பட்டத்துல எல்லாம் சுத்தமாயிடும்" என்கிறார். கீழே போன் நம்பர், மூட்டை விலை. "உங்களுக்கு உபயோகமா இருக்கும் சார்" என்று நண்பர்கள் எழுதியிருந்தாங்க. நல்ல மனசோடதான் அனுப்பினாங்க. ஆனா எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. ஏன்னு சொல்றேன்.

2020-ல கபசுரக் குடிநீர், நிலவேம்புன்னு ஊரே காய்ச்சிக் குடிச்சப்ப மூலிகைக்கு நல்ல விலை போச்சு. பாலாற்றுக்கு இந்தப் பக்கம் எனக்கு இருக்கறது ரெண்டே முக்கால் ஏக்கர். அதில் அரை ஏக்கரை மூலிகைக்கு ஒதுக்கினேன். கீழாநெல்லி, கொஞ்சம் கரிசலாங்கண்ணி. ரெண்டு வருஷம் பிரச்சினை இல்லை. மூணாவது வருஷம் ஒரு கம்பெனிக்குக் காய்ஞ்ச கீழாநெல்லி 280 கிலோ அனுப்பினேன். பத்து நாள் கழிச்சு லாரி வாடகையை என் தலையில் கட்டி சரக்கைத் திருப்பி அனுப்பிட்டாங்க. கூடவே ஒரு ரிப்போர்ட். காரீயம் அளவுக்குள்ள. ஆர்சனிக், பாதரசம் அளவுக்குள்ள. காட்மியம் மட்டும் 0.46. இருக்கவேண்டியது 0.3.

0.3 என்றால் ஒரு கிலோ காய்ஞ்ச மூலிகையில் 0.3 மில்லிகிராம். காரீயத்துக்கு 10, ஆர்சனிக்குக்கு 3, பாதரசத்துக்கு 1. இதுதான் நம்ம நாட்டில் சித்த, ஆயுர்வேத மூலிகைக்கு வைத்திருக்கிற அளவு. இந்த அளவு வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. 2004-ல அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் வாங்கின 70 ஆயுர்வேத மருந்தைச் சோதிச்சதில் 14-ல காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததுன்னு கட்டுரை வந்து பெரிய ரகளை ஆச்சு. 2006 ஜனவரி முதல் ஏற்றுமதி மருந்துக்கெல்லாம் இந்தச் சோதனை கட்டாயம் ஆச்சு. மஞ்சள்காமாலைக்கு என் கீழாநெல்லியைக் குடிக்கிறவன் ஏற்கெனவே கல்லீரல் கெட்டுப்போய்க் கிடக்கிறவன். அவன் வயித்துக்குள்ள காட்மியத்தையும் சேர்த்து அனுப்பினா அது பாவம். சரக்கைத் திருப்பினது நியாயம்தான்.

எனக்குப் பத்திக்கிட்டு வர்றது வேற விஷயம். காட்மியத்தை நான் போடல. அது எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனா ஒவ்வொரு கதவைத் தட்டும்போதும் உள்ள இருக்கறது யாரோ ஒரு பெரிய மனுஷன். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, "நீ கரி போடு"ன்னு எனக்கே புத்தி சொல்றாங்க.

முதல்ல இந்தக் கரி, சுண்ணாம்பு, தொழு உரம் எல்லாம் என்ன செய்யும்னு தெரிஞ்சுக்கோங்க. இதுல எதுவுமே உலோகத்தை நிலத்தை விட்டு வெளியேத்தாது. காட்மியம் பூச்சி மருந்து மாதிரி மக்கிப் போற சமாசாரம் இல்லை. அது ஒரு உலோகம். இன்னிக்கு மண்ணுல இருக்கற ஒரு கிராம் நூறு வருஷம் கழிச்சும் ஒரு கிராம்தான். நாம செய்யறதெல்லாம் அதைச் செடியின் வேருக்கு எட்டாம பூட்டி வைக்கிறது. பூட்டுன்னா திறக்கவும் செய்யும்.

எங்க நிலம் செம்மண், மணல் கலந்தது. வருஷக்கணக்கா யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் போட்டுப் போட்டுக் கார அமில நிலை 6-க்கு வந்து நின்னுச்சு. மண் புளிச்சுப் போனா காட்மியம் கரைஞ்சு வேருக்கு ஓடும். அதனால சுண்ணாம்புக்கல் தூள் போட்டு 7 பக்கத்துல கொண்டுவந்தா ஓட்டம் குறையும். இது உண்மை. ஆனா இதே ஆலோசனையைக் கேட்டு, ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைஞ்ச கரிசல் மண்ணுல ஒருத்தர் மூட்டை மூட்டையாக் கொட்டினார்னா? இரும்பும் துத்தநாகமும் பூட்டிக்கிட்டு இலையெல்லாம் வெளுத்துப்போகும், அவ்வளவுதான் மிச்சம். இன்னொண்ணும் இருக்கு. எங்க பகுதியில் டேனரிக் கழிவோட வந்த குரோமியம் உண்டு. அதுல பொல்லாத ரகம் ஒண்ணு இருக்கு. மண்ணு காரமாக ஆக அது இளகி ஓடும். காட்மியத்தைப் பூட்டப் போய் அதைத் திறந்து விட்ட மாதிரி ஆயிடும். அதை அடக்கறதுக்கு நல்லா மக்கின எருதான் வேணும். எரு அந்தப் பொல்லாத குரோமியத்தைச் சாது ரகமா மாத்திப்போடும். அப்ப சுண்ணாம்பை அளந்து போடணும், எருவைத் தாராளமாப் போடணும். எந்த மண்ணு, எந்த உலோகம்னு தெரியாம ஒரே பொடியை ஊருக்கெல்லாம் விக்கறவனை என்னன்னு சொல்றது?

ராக் பாஸ்பேட் போட்டா காரீயம் கெட்டியாக் கல்லாயிடும்னு இன்னொரு வீடியோ. காரீயத்துக்கு அது சரிதான். ஆர்சனிக் இருக்கற மண்ணுல அதே பாஸ்பேட் ஆர்சனிக்கைத் தள்ளி வெளியில விட்டுடும். அதோட காட்மியம் வர்ற முக்கியமான வழியே அந்தப் பாறைதான். பாஸ்பேட் பாறையில இயற்கையாவே காட்மியம் உண்டு, சூப்பர் பாஸ்பேட்டாக ஆனாலும் அது கூடவே வரும். முப்பது வருஷமா நெல்லுக்கும் கரும்புக்கும் சூப்பர் போட்டவன் நான். போடச் சொன்னாங்க, மானியமும் கொடுத்தாங்க. மூட்டையில மணிச்சத்து எவ்வளவுன்னு எழுதியிருந்தது. காட்மியம் எவ்வளவுன்னு யாரும் எழுதல.

கரிக்கு வர்றேன். கரி நல்ல பொருள். அதை நான் குறை சொல்லல, நானும் போட்டிருக்கேன். எங்க ஏரிக்குள்ள மண்டிக்கிடக்கிற சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு, உடைச்சு, மாட்டு மூத்திரத்துலயும் எருவுலயும் ஊறவெச்சுப் போட்டேன். ஆனா கணக்குப் பாருங்க. ஒரு ஏக்கர் நிலத்துல மேல் அரை அடி மண்ணோட எடை சுமாரா 9 லட்சம் கிலோ. நூத்துக்கு ஒரு பங்கு கரி கலக்கணும்னாலே 9 டன் வேணும். வீடியோக்காரர் ஏக்கருக்கு நாலு மூட்டை போதும் என்கிறார். நாலு மூட்டை கரி சட்டிக்குப் போதும், ஏக்கருக்குப் போதாது. பழைய கதவு, ஜன்னல், பெயின்ட் அடிச்ச பலகையை எல்லாம் எரிச்சுக் கரி பண்றவங்களும் இருக்காங்க. பழைய பெயின்ட்டுல காரீயம் உண்டு. காரீயத்தைப் போக்கறதுக்குக் காரீயத்தையே வாங்கிக் கொட்டுவோம்.

எங்க தாத்தா காலத்து வழி ஏரி வண்டல். கோடையில ஏரி வத்தினதும் வண்டி வண்டியா வண்டல் அடிச்சுக் கழனியில பரப்புவாங்க. களிமண்ணும் மக்கும் கலந்த அருமையான சரக்கு, உலோகத்தைப் பிடிச்சு வைக்கறதுக்கு அதைவிட நல்லது கிடையாது. இன்னிக்கு எங்க ஊரு ஏரி வண்டலை மூலிகைக் கழனிக்கு அடிக்க எனக்குக் கை வரல. மேல்நாட்டு டேனரித் தண்ணி எத்தனை வருஷம் அதுல வந்து தங்கிச்சுன்னு ஊருக்கே தெரியும். 1996-ல சுப்ரீம் கோர்ட்டு வேலூர் டேனரி வழக்குல தீர்ப்பு சொல்லிச்சு, மாசுபடுத்தினவனே அதுக்கான காசைக் கொடுக்கணும்னு. சட்டம் படிக்கிற பசங்க இன்னிக்கும் அந்தத் தீர்ப்பைப் பாடமாப் படிக்கறாங்களாம். நாங்க அந்த வண்டலை மோந்து பார்த்துட்டுத் திரும்பி வர்றோம்.

டேனரின்னா குரோமியம்தானே, காட்மியத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒரு வேளாண் கல்லூரி ஆசிரியர்தான் எனக்குப் புரிய வெச்சார். தோலைக் கெடாம வைக்க உப்புப் போடறாங்க. அந்த உப்பு கழிவோட கலந்து நிலத்தடித் தண்ணியில இறங்கிடுச்சு. எங்க கிணத்துத் தண்ணியில டீ போட்டா திரிஞ்சுபோகும், அப்படி. இந்த உப்புல இருக்கற குளோரைடு மண்ணுல பூட்டிக்கிடக்கிற காட்மியத்தோட ஒட்டிக்கிட்டு அதைக் கரைச்சு வேருக்கு இழுத்துட்டு வந்துடும். அதாவது, நான் ஒரு பக்கம் சுண்ணாம்பும் கரியும் எருவும் போட்டுப் பூட்டறேன். மறுபக்கம் என் கிணத்து மோட்டாரே மணிக்கணக்கா அந்தப் பூட்டைத் திறந்துக்கிட்டு இருக்கு. முதல் வருஷம் இவ்வளவு போட்டும் ஏன் பெரிசாக் குறையலங்கறதுக்கு இதுதான் காரணம். இதை அந்த வீடியோவில் யாராவது சொன்னாங்களா? மூட்டை விக்கறவன் உன் கிணத்துத் தண்ணி எப்படின்னு கேக்கவே மாட்டான்.

இப்ப உங்க வீட்டுக் கதவையும் தட்டறேன், கோவிச்சுக்காதீங்க.

நகரத்துக் குப்பையில மக்கின உரம்னு ஒண்ணு எங்களுக்குக் குறைஞ்ச விலையில வருது. "இயற்கை உரம்"னு மூட்டையில பச்சை எழுத்து. நானும் மூணு வருஷம் வாங்கினேன். அதுக்குச் சர்க்கார் வெச்சிருக்கற அளவு என்ன தெரியுமா? ஒரு கிலோ உரத்துல காரீயம் 100 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், காட்மியம் 5 வரைக்கும் இருக்கலாம். அதெல்லாம் அப்படியே செடிக்குள்ள ஏறிடாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா கணக்குப் போடுங்க. அந்த அளவை ஒட்டின உரத்தை ஏக்கருக்கு 10 டன் போட்டா 50 கிராம் காட்மியம் கழனிக்குள்ள வருது. 9 லட்சம் கிலோ மண்ணுல 50 கிராம்னா கிலோவுக்கு 0.055 மில்லிகிராம். பத்து வருஷம் போட்டா 0.55. மண்ணுக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை. அது எங்கிருந்து வந்தது? நீங்க வாழைப்பழத் தோலோட சேர்த்து ஒரே பையில போட்ட பழைய பேட்டரி, உடைஞ்ச பொம்மை, பெயின்ட் டப்பா, டியூப் லைட்டு. அதை மக்க வெச்சு எங்களுக்கு அனுப்பிட்டு, நாங்க அதுல விளைய வெச்ச மூலிகையை லேப்புக்கு அனுப்பி, "விவசாயிங்க இப்பல்லாம் சுத்தமா விளைவிக்கிறதில்ல"ன்னு பேசறது நல்லாவா இருக்கு?

"நாங்க ஆர்கானிக் மட்டும்தான் வாங்குவோம்"னு சொல்றவங்களுக்கும் இதேதான். ரசாயனம் போடலன்னு சர்டிபிகேட் வாங்கின நிலத்துலயும் காட்மியம் இருக்கலாம். ரோட்டோரம் காடாக் கிடக்கிற கீழாநெல்லி யாரும் உரமே போடாம முளைச்சதுதான். அதுல என்ன இருக்கும்னு அந்த ரோட்டையும் அதுல ஓடற லாரியையும் கேளுங்க. வல்லாரை நல்லா தளதளன்னு வளர்றது எங்கன்னு பாத்திருக்கீங்களா? சாக்கடை ஓரம். அதைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாக் கட்டி "இயற்கை"ன்னு விக்கறாங்க, ஞாபகசக்திக்குன்னு பிள்ளைங்களுக்குக் கொடுக்கறோம்.

சர்க்கார் பக்கம் போவோம். 2015-ல இருந்து மண்வள அட்டை கொடுக்கறாங்க. எங்கிட்டயும் இருக்கு, பிளாஸ்டிக் உறை போட்டு டிரங்குப் பெட்டியில வெச்சிருக்கேன். அதுல 12 விஷயம் பாக்கறாங்க. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச் சத்து. காட்மியம் இல்லை, காரீயம் இல்லை, குரோமியம் இல்லை. விளைஞ்ச பிறகு செடியைச் சோதிக்கத் தெரிஞ்ச நாட்டுக்கு, விதைக்கறதுக்கு முந்தி மண்ணைச் சோதிக்கத் தெரியாதா? தனியா லேப்புல பாக்கணும்னா ஒரு சாம்பிளுக்கே ஆயிரக்கணக்குல கேக்கறாங்க. அரை ஏக்கர்காரன் எத்தனை சாம்பிள் கொடுப்பான்? அதுக்கு மேல ஒரு கூத்து. மூலிகைக்குப் பாக்கற நாலு உலோகத்துல குரோமியமே கிடையாது. பாலாத்துக்காரன் எதுக்கு ராத்திரி தூங்காம பயப்படறானோ அதை யாரும் பாக்கறதே இல்லை. என் கீழாநெல்லியில குரோமியம் எவ்வளவுன்னு அந்தக் கம்பெனி கேக்கவும் இல்லை, நான் என் கைக்காசுல பாத்ததை வாங்கிப் பாக்கவும் இல்லை.

சரி, நான் என்ன செஞ்சேன்னு கேக்கறவங்களுக்கு. என் நிலத்துக்குச் செஞ்சதுதான் இது, உங்க நிலத்துக்கு மருந்துச் சீட்டு இல்லை.

அரை ஏக்கருல பத்து சென்ட்டை மட்டும் எதுவும் போடாம விட்டுட்டேன், ஒப்பிட்டுப் பாக்க. மீதிக்குச் சுண்ணாம்புக்கல் தூள் 250 கிலோ, ரெண்டு தவணையில. எங்க மாட்டுக் கொட்டாய் எரு மட்டும், வெளி எரு கிடையாது. கரி, கிடைச்ச வரைக்கும். துத்தநாகம் அட்டையில குறைவுன்னு வந்திருந்தது. அதனால ஜிங்க் சல்பேட் ஏக்கருக்குப் பத்து கிலோ கணக்குல போட்டேன். துத்தநாகமும் காட்மியமும் வேருக்குள்ள ஒரே வாசல்ல நுழையறவங்க. துத்தநாகம் பத்தாத மண்ணுல செடி ஆளைத் தப்பாப் பிடிச்சு காட்மியத்தை உள்ளே விட்டுடும். (கண்ட கடையில விலை குறைவா வாங்கின ஜிங்க் சல்பேட்டுல காட்மியமே கலந்திருக்கும், அதையும் பாத்து வாங்கணும்.) பெரிய மாத்தம் தண்ணியிலதான். கிணத்துத் தண்ணியை மூலிகைக்கு நிறுத்திட்டேன். புரட்டாசியில விதைச்சு மழையிலயே வளர வெச்சேன். இடையில காய்ஞ்சப்ப பண்ணைக்குட்டையில தேங்கின மழைத்தண்ணி. மகசூல் கால் பங்கு குறைஞ்சது.

அப்புறம் அறுவடை. கீழாநெல்லியை வேரோட பிடுங்கறதால மண்ணு ஒட்டிக்கிட்டு வரும். லேப்புல காட்டற உலோகத்துல ஒரு பங்கு செடிக்குள்ள ஏறினது இல்லை, வெளியில ஒட்டினது. முன்னல்லாம் ஒரு அலசு அலசித் தார்ரோட்டு ஓரமாக் காய வைப்போம், ஊரே அப்படித்தான். இப்ப மூணு தண்ணி அலசி மாடியில வெள்ளைத் துணி மேல காய வைக்கிறோம். இதுக்கு எந்த மூட்டையும் வாங்க வேண்டியதில்லை, ஆனா என் வீட்டுக்காரம்மாவும் ரெண்டு ஆளும் நாலு நாள் குனிஞ்சு நிக்கணும்.

ரெண்டாவது பட்டத்துல ரிப்போர்ட் வந்தது. போட்ட நிலத்துச் செடியில காட்மியம் 0.3-க்குக் கொஞ்சம் கீழே. போடாத பத்து சென்ட்டுல மழைத்தண்ணியும் அலசலும் மட்டும் இருந்தும் 0.4-ஐ ஒட்டி. ஆக இது வேலை செய்யுது. மண்ணுக்குத் தகுந்து செஞ்சா, தண்ணியைச் சேர்த்துப் பாத்தா, வருஷா வருஷம் விடாம செஞ்சா வேலை செய்யும். நான் ரெண்டு வருஷம் எருவை நிறுத்தினா, மறுபடி மண்ணு புளிச்சா, அந்தக் காட்மியம் அங்கதான் காத்துக்கிட்டு இருக்கும்.

இந்தச் செலவையெல்லாம் எழுதி வெச்சேன். சுண்ணாம்பு, கரிமூட்டக் கூலி, லேப்புக்கு ரெண்டு சாம்பிள், கூடுதல் ஆள் கூலி, குறைஞ்ச மகசூல். கூட்டிப் பாத்தா கிலோவுக்குப் பழைய விலையில பாதிக்கு மேல ஏறுது. ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு அதே கம்பெனி ஏஜென்ட்டுகிட்ட போனேன். தம்பி வயசுதான் அவருக்கு. ரிப்போர்ட்டைப் படிச்சார், "சூப்பர்ணா, இப்பிடித்தான் வேணும்" என்றார். விலை? பழைய விலைதான். "அளவுக்குள்ள இருக்கறது உங்க கடமைதானேண்ணா, அதுக்குத் தனிக் காசு எப்பிடி?"

அவர் கம்பெனி அந்தப் பொடியை 100 கிராம் டப்பாவுல போட்டு, மேல "உலோகச் சோதனை செய்யப்பட்டது"ன்னு ஒட்டி, அதுக்குன்னே விலை கூட்டி விக்குது. நீங்கதான் வாங்கறீங்க. சோதனை செஞ்சதுக்கு நீங்க கொடுக்கற காசு அந்த ஸ்டிக்கரோட நின்னுபோகுது, கழனி வரைக்கும் வர்றதில்லை. கடைக்காரர்கிட்ட ஒரு தடவை கேளுங்க. எந்த ஊரு நிலம், தண்ணி எங்கத்து, மண்ணைச் சோதிச்சாங்களா, அந்தச் செலவு யாருது. பதில் தெரியாதுன்னா தெரியாதுன்னே சொல்லட்டும். நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆள் கேக்கும்போது அவர் கம்பெனியைக் கேட்பார். குப்பையில பேட்டரியைத் தனியாப் போடறதுக்கு யாரையும் கேக்கவே வேண்டாம், இன்னிக்கே செய்யலாம்.

ஏஜென்ட் தம்பிக்கு இன்னும் பதில் சொல்லல. 190 கிலோ மூட்டை கட்டி மாடி அறையில இருக்கு. என் பையன், "இந்தத் தடவை கொடுத்துடுப்பா, அடுத்த வருஷம் அந்த இடத்துல கேழ்வரகு போட்டுக்கலாம்" என்கிறான். நேத்து அவர் திரும்பவும் போன் பண்ணினார், நான் எடுக்கல.